சனிக்கிழமை ஆட்டம்

பழைய ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை. அமெரிக்கர்கள் தங்கள் கல்லூரி நாட்களின் ஃபுட்பால் குறித்து எழுதியவற்றைக் கொஞ்சம் தொடர்ந்து படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இலையுதிர் காலத்துக் குளிர், சிமெண்டுப் படிக்கட்டில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த கம்பளி, வாத்திய கோஷ்டி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலடியிலிருந்து நடந்த தூரம் எல்லாம் துல்லியமாக வந்துவிடும். எத்தனைக்கு எத்தனை, யார் ஜெயித்தார்கள் என்பதில்தான் தடுமாற்றம். பகல் முழுவதும் வங்கிக் கவுண்ட்டரில் எண்களோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு இது உறுத்துகிறது. ஞாபகம் ஏன் இவ்வளவு மோசமாகக் கணக்கு எழுதுகிறது?

முதலில் ஒரு விளக்கம். நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆளை ஆள் மோதிச் சாய்த்து, கஜம் கஜமாக நிலம் பிடிக்கிற ஆட்டம். 1869 நவம்பர் 6ஆம் தேதி ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதை முதல் கல்லூரி ஆட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று ஆடியது நம் கால்பந்துக்குத்தான் அதிகம் நெருக்கமாக இருந்தது. 1880களில் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் விதிகளைத் திருத்திய பிறகே இப்போதைய உருவம் அதற்குக் கிடைத்தது. ஆட்ட நாள் வழக்கமாகச் சனிக்கிழமை.

இந்த ஏக்கத்தின் சரித்திரத்தைப் பார்க்க சிகாகோ பல்கலைக்கழகத்தை விட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன். ஆட்டத்தை ஆரவாரமாக வளர்த்ததும் அங்கேதான், ஒரே முடிவில் நிறுத்தியதும் அங்கேதான்.

ராக்ஃபெல்லரின் பணத்தில் 1892இல் வகுப்புகள் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஹார்வர்டுக்கும் யேலுக்கும் இருந்த ஒன்று அதனிடம் இல்லை: கடந்த காலம். திரும்பி வந்து கண் கலங்குவதற்குப் பழைய மாணவர்கள் என்று யாரும் கிடையாது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஹீப்ரு பண்டிதர். யேலில் தன்னிடம் படித்த அமாஸ் அலொன்ஸோ ஸ்டாக் என்ற ஆட்டக்காரரைத் தொடக்கத்திலேயே அழைத்துவந்து ஆசிரியப் பதவியே கொடுத்தார். பயிற்சியாளர் ஒருவரைப் பேராசிரியர்களுக்குச் சமமாக உட்காரவைத்தது அன்று புதுமை. ஹார்ப்பரின் கணக்கு நமக்குப் புரியாததல்ல. புதிய ஸ்தாபனத்துக்குப் பாரம்பரியம் வேண்டும். அது விளைய நூறு வருஷம் பிடிக்கும்; ஆட்டம் என்றால் பத்து வருஷம் போதும்.

போதுமானதாகவே இருந்தது. 1905 நவம்பர் 30ஆம் தேதி, நன்றி நவிலும் நாள். அது வியாழக்கிழமை. அதற்கு முந்திய 56 ஆட்டங்களில் தோல்வியையே காணாத மிச்சிகன் அணி சிகாகோவுக்கு வந்தது. கோல் எதுவும் விழாத ஆட்டம். கடைசிக் கட்டத்தில் டென்னி கிளார்க் என்ற மிச்சிகன் ஆட்டக்காரர் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடித்து வெளியே ஓடிவர முயன்றார். சிகாகோக்காரர்கள் அவரைப் பின்னுக்குத் தள்ளிக் கோட்டுக்குள் வீழ்த்தினார்கள். அதற்கு இரண்டு புள்ளி. 2–0. அந்த ஊரின் பழைய மாணவர்கள் வாழ்நாள் முழுதும் சொல்லிச் சொல்லித் தேய்த்த கதை இதுதான்.

கிளார்க்குக்கும் அது ஞாபகம் இருந்தது. தோல்விக்குக் காரணம் அவர்தான் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. 1932இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். விட்டுச் சென்ற கடிதத்தில் அந்த ஆட்டத்துக்குப் பரிகாரம் என்பதுபோல் குறிப்பிட்டிருந்ததாகச் சொல்வார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மாலைப்பொழுதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மைதானத்தில் நின்றவர் இருபத்தேழு வருஷம் அந்த இரண்டு புள்ளியைச் சுமந்தார். ஏக்கம் என்பது பார்வையாளனின் சௌகரியம் என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

அதே 1905ஆம் வருஷப் பருவத்தில் நாடு முழுவதும் இந்த ஆட்டத்தில் நேர்ந்த சாவுகள் 18க்குக் குறையாது. பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துப் பையன்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை அக்டோபரில் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906இல் வந்தது இந்த நெருக்கடியின் விளைவு. நினைவுக் கட்டுரைகளில் குளிர் இருக்கிறது, வாத்தியம் இருக்கிறது. இந்தப் பையன்களை நான் அவற்றில் சந்தித்ததில்லை.

1920களில் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு சிமெண்டு அரங்கங்கள் கட்டின. ஒஹையோவில் 1922, மிச்சிகனில் 1927. சிலவற்றை முதல் உலக யுத்தத்தில் இறந்தவர்களின் ஞாபகார்த்தம் என்றே பெயரிட்டார்கள். சிகாகோவில் ஸ்டாக்கின் பெயரையே வைத்திருந்த மைதானமும் பெருத்தது. படித்து முடித்தவனின் ஏக்கம் இதற்குள் வருமானமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை அவன் திரும்பி வருவான், டிக்கெட் வாங்குவான், நன்கொடை கொடுப்பான். அவன் இழந்தது தன் வாலிபத்தை. திரும்ப விற்கப்பட்டது ஓர் இருக்கை. கார்னெகி அறக்கட்டளை 1929இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி ஆட்டங்களில் பணம் எப்படிப் புகுந்திருக்கிறது என்பதைக் கல்லூரி கல்லூரியாக எடுத்துவைத்தது. அரங்கங்கள் காலியாகவில்லை.

அந்த 1929இல்தான் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் சிகாகோவின் தலைவரானார். வயது முப்பது. மாணவர்கள் மூல நூல்களையே படிக்க வேண்டும், பிளேட்டோவிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். எழுபது வயதான ஸ்டாக் 1932 பருவத்தோடு ஓய்வுபெற வேண்டியதாயிற்று. ஆனால் அவர் ஓயவில்லை. கலிபோர்னியாவில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். 1938இல் அந்த அணியைக் கூட்டிக்கொண்டு தன் பெயர் தாங்கிய மைதானத்துக்கே வந்து சிகாகோவை 32–0 என்று தோற்கடித்துவிட்டுப் போனார். இதைக் கதையில் எழுதினால் செயற்கை என்போம்.

சிகாகோ அணி முற்றிலும் ஒன்றுமில்லாமல் போகவில்லை. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான விருது, இன்று ஹைஸ்மன் என்று அழைக்கப்படுவது, 1935இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர். தொழில்முறை அணிகள் கூப்பிட்டும் போகாமல் வியாபாரத்துக்குப் போனவர். அந்த விருதுச் சிலையை அவருடைய அத்தை கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார் என்பது பிரசித்தம். ஏக்கத்துக்கு இதைவிட ஆரோக்கியமான பதில் எனக்குத் தெரியாது.

1939இல் முடிவு வந்தது. மிச்சிகனிடம் 85–0. ஹார்வர்டிடம் 61–0. ஒஹையோவிடமும் 61–0. டிசம்பரில் ஹட்சின்ஸ் ஃபுட்பாலை எடுத்துவிட்டார். சரிபாதியாகக் குறைக்கவில்லை, சீர்திருத்தவில்லை, எடுத்துவிட்டார். ஆட்டத்தின் பணத்தைப் பற்றி அவர் அதற்கு முந்திய வருஷமே ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ என்ற ஜனரஞ்சகப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தார். அறிவின் பக்கம் நிற்கிற நாமெல்லாம் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் சரித்திரம் அங்கே நிற்கவில்லை.

காலியான அரங்கத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில் பந்தடி அறை ஒன்று இருந்தது. அதில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளை 57 அடுக்குகளாக அடுக்கியது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி பிற்பகல் மனிதன் தூண்டிய முதல் அணுத் தொடர்வினை அங்கே நடந்தது. அனுமதி கொடுத்த ஆர்தர் காம்ப்டன் ஹட்சின்ஸிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை. மேலே ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலி. கீழே ஐம்பது பேருக்குள். ஆரவாரம் இல்லை. யூஜின் விக்னர் ஒரு புட்டி இத்தாலிய ஒயினை எடுத்தார். காகிதக் கோப்பைகளில் பகிர்ந்துகொண்டார்கள். இந்தச் சோதனை காட்டிய வழியில் கட்டிய உலைகளில் புளுட்டோனியம் தயாரானது. அது 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி நாகசாகியில் விழுந்தது.

ஆட்டத்தை நிறுத்தியதால் குண்டு வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த அறை இல்லாவிட்டால் வேறு அறை. ஆனால் கூட்டத்தின் மௌடீகத்தை அகற்றிய இடத்தில் அறிவு வந்து உட்காரும், அறிவு சாதுவாக இருக்கும் என்கிற நம் மனோபாவத்துக்கு இந்த மைதானம் ஓர் எதிர்ச் சாட்சி. ஹட்சின்ஸ் சொன்னது சரி. அவருடைய படிக்கட்டின் கீழ் நடந்தது அதைவிடப் பெரிது.

மேற்குப் படிக்கட்டுகளை 1957இல் இடித்தார்கள். தொடர்வினையின் இருபத்தைந்தாவது ஆண்டு நாளான 1967 டிசம்பர் 2இல் அங்கே ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் நிறுவப்பட்டது. மண்டையோடு போலவும் தெரியும், குண்டின் புகைக் குடை போலவும் தெரியும். 1963இல் ஃபுட்பாலைச் சிறிய அளவில் திரும்பக் கொண்டுவர முயன்றபோது மாணவர்களே மைதானத்தில் உட்கார்ந்து மறித்தார்கள். 1969இல் அணி திரும்பி வந்துவிட்டது. வேறு மைதானத்தில், விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்காத பிரிவில் ஆடுகிறது. பழைய மைதானம் இருந்த இடத்தில் 1970இல் ரீகன்ஸ்டைன் நூலகம் திறக்கப்பட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய நூல்கள், தமிழ் நூல்கள் உட்பட, இருப்பது அங்கேதான்.

நம் சம்பந்தம் இந்த இடத்தில் வருகிறது. ஏ. கே. ராமானுஜன் சிகாகோவுக்குப் போன புதிதில், 1962இல், ஒரு சனிக்கிழமை பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் இறங்கினார். அது ரீகன்ஸ்டைன் அல்ல. ஸ்டாக்கை அழைத்துவந்த அதே ஹார்ப்பரின் பெயர் கொண்ட பழைய நூலகம். அங்கே அவர் கைக்கு உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தும், அந்தப் பழந்தமிழை அதுவரை அவர் கற்றதில்லை. அங்கிருந்து கற்றார். 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மரபு தானாக வந்து சேர்வதில்லை, உழைத்துப் பெற வேண்டும் என்று எலியட் 1919இல் எழுதியதை பி.ஏ. வகுப்பில் எல்லோரும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். அதை நிஜமாகச் செய்துபார்த்தவர் அடித்தளத்துக்கு இறங்கிய இந்த மனிதர்.

ஹார்ப்பர் வாங்கிய கடந்த காலமும் ராமானுஜன் கண்டெடுத்த கடந்த காலமும் ஒன்றல்ல. முதலாவது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பத் தருகிறது: நம் குளிர், நம் அப்பா, நம் இருபது வயது. அதனால்தான் அதற்குக் கணக்கு தேவைப்படுவதில்லை. யார் ஜெயித்திருந்தாலும் அந்த மாலைப்பொழுது நம்முடையதே. இரண்டாவதில் நாம் எங்குமே இல்லை. அதைச் சொல் சொல்லாகக் கற்றால்தான் உண்டு.

இதை ஏன் இந்த இதழில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். ‘எழுத்து’ 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. அந்தக் காலத்தையும், பிறகு வந்து நின்றுபோன இதழ்களின் காலத்தையும் நம் கூட்டங்களில் யாராவது பேசாத நாள் இல்லை. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது வருகிறது. டீக்கடை வருகிறது, அச்சகக் கடன் வருகிறது, மொட்டைமாடிச் சண்டை வருகிறது. எல்லாம் துல்லியமாக வருகின்றன. அப்போது பிறந்தேயிராத எனக்கும் கேட்கக் கேட்க ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த இதழில் எந்தக் கவிதை, அது இன்று நிற்கிறதா, நின்றால் எதனால் என்று கேட்டால் பேச்சு தடுமாறுகிறது. அடுத்த கூட்டத்துக்கு யாராவது அந்த இதழ்களில் ஒன்றையாவது கொண்டுவரட்டும். முதல் பக்கத்திலிருந்து வாசிக்கலாம். சனிக்கிழமையானால் எனக்குச் சௌகரியம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை.