அரசர் வழியும் ஊரார் வழியும்: நெய்யாற்றின்கரை – பத்மநாபபுரம் சுற்றுலாத் தடத்தின் வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் ஒருநாள் சுற்றுலா வண்டிகள் நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து பத்மநாபபுரத்தை அடைகின்றன. இத்தடத்தில் எங்கே நிற்பது, எந்தக் கதையைச் சொல்வது என்பவற்றைச் சுற்றுலாத் துறை புதிதாக வகுக்கவில்லை. தலைநகர் மாற்றம், ஒரு நாவல், தொல்லியல் பராமரிப்பு, மொழிவழி மாநிலப் பிரிவு ஆகியவை வெவ்வேறு காலங்களில் அவற்றை வகுத்தன. அரச பரம்பரையின் பயணத்தடமே சுற்றுலாத் தடமாக நிலைபெற்றது என்பதும், எல்லையோர ஊர்களின் மக்கள் வரலாறு அதனால் தடத்துக்கு வெளியே நின்றுவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தலைநகர் மாற்றமும் பவனியும்

கல்குளம் எனப்பட்ட, திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகரம் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் ஆயிற்று. 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றவரும், 1750இல் நாட்டைப் பத்மநாப சுவாமியிடம் ஒப்படைத்தவரும் அவரே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பத்மநாபபுரம் அரண்மனைத் தெய்வமான சரஸ்வதிக்கு உரிய நவராத்திரிப் பூஜையும் அங்கு இடம்பெயர்ந்தது. அதனால் ஆண்டுதோறும் பவனி தேவைப்பட்டது. தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய தெய்வங்கள் அரசரின் உடைவாளுடன் புறப்பட்டு, முதல் இரவு குழித்துறையிலும் அடுத்த இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலிலும் தங்கி, மூன்றாம் நாள் தலைநகரை அடைகின்றன. பின்னாளில் சுற்றுலா வண்டிகள் ஓடும் சாலையில் நிறுத்தங்களை முதலில் குறித்தது இந்தப் பவனிதான்.

கதை இடமாகிறது

நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்னும் பொந்துள்ள பலாமரத்தின் எஞ்சிய அடிமரம் காக்கப்படுகிறது. அரச அதிகாரத்தை எதிர்த்த நிலப்பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதற்குள் ஒளிந்தார் என்பது வழக்கு. சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891இல் வெளிவந்தபோது, தப்பியோடும் இளவரசரும் துரத்தும் பிள்ளைமாரும் வாசகர் மனத்தில் உருவம் பெற்றனர். 1933இல் அது திரைப்படமும் ஆயிற்று. வாய்மொழியாக வந்த கதைக்கு அச்சு பெரிய கூட்டத்தைச் சேர்த்தது.

அரண்மனை அருங்காட்சியகமாதல்

1930களில் ஆர். வாசுதேவப் பொதுவாளின் முயற்சியில் திருவிதாங்கூர் தொல்லியல் துறை அரண்மனையைச் செப்பனிட்டு மக்கள் பார்வைக்கு உரியதாக்கியது. 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் பேருந்துப் போக்குவரத்தும் தொடங்கியது. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிச் சாலை அதன் முதன்மைத் தடங்களுள் ஒன்று. பார்க்க ஓர் இடமும் போய்ச்சேர வண்டியும் ஒரே பத்தாண்டில் அமைந்தன.

மொழிவழி மாநிலப் பிரிவின்படி 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதன் உடைமையும் பராமரிப்பும் கேரள அரசிடமே தொடர்ந்தன. இன்றும் வழிகாட்டிகள் கேரளத் தொல்லியல் துறையின் ஊழியர்கள்.

அரண்மனைக்குள் ஒருவழிப் பாதைதான். பூமுகம், மந்திரசாலை, ஊட்டுப்புரை, தாய்க்கொட்டாரம், உப்பரிகை மாளிகை எனக் கூட்டம் நகர, ஆங்காங்கே நிற்கும் வழிகாட்டிகள் மலையாளத்திலும் தமிழிலும் விளக்குகிறார்கள். கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றிய கறுப்புத் தரை, மூலிகை மரக்கட்டில், சுவரோவியங்கள் என்று பேச்சு பொருளைச் சுற்றியே போகிறது. அந்தப் பொருள்களைச் செய்த தச்சரும் கொத்தரும் பேச்சில் அரிதாகவே வருகிறார்கள். ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டபின் சினிமா ஆர்வலர்களும் வரலாயினர். 2014இல் அரண்மனை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது.

தடத்தில் சேராதவை

நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில் 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். பூசையும் கல்வியும் மறுக்கப்பட்டிருந்த சமூகங்களின் உரிமை வரலாற்றில் அது திருப்புமுனை. பேருந்துகள் ஓடத் தொடங்கிய அதே 1938இல், ஆகஸ்ட் 31 அன்று, மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி கேட்டுத் திரண்டவர்கள் மீது நெய்யாற்றின்கரையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் வீரராகவன் உள்ளிட்டோர் மாண்டனர். எல்லைக்கு அப்பால், முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் கோயிலுடன் 95 மாணவர்க்கு இடமளித்த கல்விச்சாலை ஒன்றையும் அமைத்தான். அரண்மனையை மையமாகக் கொண்ட பயணத் திட்டங்களில் இம்மூன்றும் வழக்கமாக இடம்பெறுவதில்லை. அருவிப்புரத்துக்குக் குருவின் அடியவர் வருகிறார்கள். பார்த்திவபுரத்துக்குப் பெரும்பாலும் கல்வெட்டு ஆர்வலர்களே வருகிறார்கள். பாறசாலையை அடுத்த செங்கலில் எழுந்த பேருருச் சிவலிங்கமோ புதிய கூட்டத்தைத் தன்பக்கம் இழுக்கிறது.

ஓர் ஒப்பீடு

கைவிடப்பட்ட வேறொரு தலைநகரிலும் இதே குறை இருந்தது. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் 1780இல் வர்ஜீனியாவின் தலைநகர் தகுதியை இழந்தது. 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லரின் செல்வத்தால் அது பழைய உருவில் மீட்கப்பட்டது. நெடுங்காலம் அங்கே ஆளுநர்களின் கதையே சொல்லப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என்பது பின்தள்ளப்பட்டிருந்தது. 1979 முதல் கறுப்பின விளக்குநர்கள் அமர்த்தப்பட்ட பிறகே கதை விரிந்தது.  சொல்பவர்கள் மாறினர், சொல்லும் பொருளும் மாறியது.

முடிவு

ஒரு தலைநகரம் கைவிடப்பட்டதும், அதன் நினைவு சடங்காகவும் நாவலாகவும் அருங்காட்சியகமாகவும் படிப்படியாகத் திரண்டதும் இத்தடத்தை உருவாக்கின. 1956இன் எல்லை தடத்தை அறுக்கவில்லை என்பது அதன் வலிமை. இரு மாநிலத்தாரும் ஒரே கதையை இரு மொழிகளில் கேட்கிறார்கள். அந்தக் கதை அரசரோடு நின்றுவிடுவது அதன் குறை. நெய்யாற்றின்கரையில் நிற்கும் வண்டி அம்மச்சிப் பிலாவோடு 1938இன் துப்பாக்கிச்சூட்டையும் விளக்குமானால், அரசனைக் காத்ததாகச் சொல்லப்படும் ஊர் அரசாட்சியை எதிர்த்தும் நின்றது என்பது பயணிக்குப் புரியும். அதற்குப் புதிய சாலை வேண்டியதில்லை. வழிகாட்டிக்கான பாடத்திட்டம் மாறினால் போதும்.