மாக்தா நாக்மன்: சுவர் வாய்க்காத சித்திரங்கள்

ஓவியத்தில் புலம்பெயர்வும் இழப்பும் என்று பேச்சு வந்தால் நம்மிடையே உடனே ஷாகால் வந்துவிடுகிறார். கூரைகளுக்கு மேல் மிதக்கும் காதலர்கள், பச்சை முகத்துப் பிடில்காரன், சாய்ந்து நிற்கும் மரவீடுகள், பசு. மங்கிய அச்சுப்பிரதிகளில் நாம் அறிந்த ஷாகால் இவ்வளவுதான் என்றாலும், தாயகத்தை இழந்தவனின் ஓவியம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற ஒரு முன்முடிவு நம் மனத்தில் ஊறிவிட்டது. இழந்த ஊர் படத்துக்குள் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது இழப்பின் கலை அல்ல. இந்த முன்முடிவு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்ப்பதற்கு ஷாகாலின் பள்ளித்தோழி ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு சென்னைத் தமிழரை மணந்து, பம்பாயில் வாழ்ந்து, அங்கேயே இறந்தவர். பெயர் மாக்தா நாக்மன்.

1909இல் ஷாகால் பீட்டர்ஸ்பர்கில் ஸ்வான்ட்சேவா நடத்திய கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் லெயோன் பாக்ஸ்ட். கிரோட்னோ நகரத்து யூதர், இயற்பெயர் ரோசன்பர்க். அதே பள்ளியில் பாக்ஸ்டிடமும், அவருக்குப்பின் பெத்ரோவ்-வோத்கினிடமும் பயின்றவர் 1889இல் பிறந்த மாக்தா. ஒரே ஆசிரியர், ஒரே பயிற்சி. ஷாகால் 1910இல் பாரிஸுக்குப் போய் அங்கிருந்து தன் ஊரான வித்தெப்ஸ்க்கை வரையத் தொடங்கினார். மாக்தா 1913இல் கருங்கடல் கரையில் கொக்தெபெல் என்ற இடத்தில், அப்போது இளங்கவியாக இருந்த மரீனா ஸ்வெத்தாயேவாவின் உருவச்சித்திரத்தைத் தீட்டினார். அந்த ஒரு படத்தினால்தான் ரஷ்ய இலக்கிய வாசகர்கள் மாக்தாவின் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள். எதிரில் இருக்கும் முகத்தை, அதன் மௌனத்தைக் கலைக்காமல் பார்ப்பது. இது அவர் வாழ்நாள் முழுவதும் செய்த காரியம். ஷாகாலுடையது ஞாபகத்தின் கண் என்றால், இவருடையது சந்நிதானத்தின் கண்.

அவரை நம் பக்கம் கொண்டுவந்தவர் எம்.பி.டி. ஆச்சாரியா. 1887இல் சென்னையில் பிறந்த மண்டயம் ஐயங்கார். பாரதி எழுதிய 'இந்தியா' பத்திரிகையின் வட்டத்தில் இருந்தவர். அப்பத்திரிகை பாண்டிச்சேரிக்கு ஓடியபோது தானும் அங்கே போய், 1908 இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர். லண்டன், பாரிஸ், பெர்லின், கான்ஸ்டான்டிநோபிள், ஸ்டாக்ஹோம் என்று அலைந்து, புரட்சிக்குப்பின் ரஷ்யா சேர்ந்து, 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் எம்.என். ராயும் மற்றவர்களும் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தபோது அதில் முக்கியப் பங்கு வகித்தார். ராயுடன் ஒத்துப்போகவில்லை, விரைவிலேயே வெளியேற்றப்பட்டார். கட்சியை இழந்த நிலையில் மாஸ்கோவில் அவர் மாக்தாவைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொண்டு 1922இல் பெர்லினுக்குப் போனார்கள். ஆச்சாரியா அங்கே அராஜகவாதியானார். அரசு என்ற எதுவும் வேண்டாம் என்ற முடிவுக்கு ஒருவன் தத்துவத்தின் வழியாகவும் வரலாம். ஒவ்வொரு அரசும் தன்னை வெளியே தள்ளிய அநுபவத்தின் வழியாகவும் வரலாம்.

மாக்தாவை 'யூத ஓவியர்' என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தந்தை யூதர். தாய் ஜெர்மானிய லூத்தரன் குடும்பத்தவர். மாக்தாவுக்குக் கொடுக்கப்பட்டது தாயின் மதம். ஷாகாலுக்கு ஹஸீதிய வீட்டின் பாடலும் பண்டிகையும் தொட்டிலிலிருந்தே உண்டு; மாக்தாவுக்கு அப்படி ஒன்றில்லை. அவரை யூதராக்கியது 1933 ஏப்ரலில் ஜெர்மனியில் வந்த சட்டம். தாத்தா பாட்டிமாரில் ஒருவர் யூதராக இருந்தாலே 'ஆரியர் அல்லாதவர்' என்றது அச்சட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் கலாசாரச் சபை என்று ஒன்றை நிறுவினார்கள். அதில் உறுப்பினராக இல்லாதவர் தூரிகையைத் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது. யூத அடையாளம் சிலருக்குப் பரம்பரைச் சொத்து. சிலருக்குக் காவல்துறையின் முத்திரை. கணவரோ கறுத்த தோலுடைய அராஜகவாதி. 1934இல் இருவரும் பெர்லினை விட்டு நீங்கினார்கள். முப்பதுகளின் நடுப்பகுதியில் பம்பாய் சேர்ந்தார்கள்.

இங்கே இழப்பு என்பதை ஸ்தூலமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நாம் இழப்பை ஒரு மனோபாவமாக, சோக ரசமாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒரு ஓவியருக்கு முதல் இழப்பு படங்கள். கான்வாஸ் கனமானது, அதை மாட்ட ஒரு சுவர் வேண்டும், சுவருக்கு வாடகை வேண்டும். கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடும் கவிஞனுக்கு உள்ள வசதி ஓவியருக்குக் கிடையாது. ரஷ்யாவில் மாக்தா வரைந்தவற்றில் ஒரு சிலவே எஞ்சின. பெர்லினில் பன்னிரண்டு வருஷம் வரைந்தவற்றில் பெரும்பாலானவை போயின. அந்நகரத்து ரஷ்ய அகதிகளில் ஒருவராக இருந்த விளாதிமிர் நபக்கோவின் உருவச்சித்திரத்தை 1933இல் அவர் வரைந்திருக்கிறார். அது இன்று ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமாகவே நமக்குக் கிடைக்கிறது. பாக்ஸ்டிடம் வர்ணத்தைப் பயின்ற ஒருவரின் படைப்பு வர்ணமில்லாமல் எஞ்சியிருக்கிறது. இதற்கு மேல் இழப்பைக் குறிக்க ஒரு படிமம் தேவையில்லை.

பெர்லின் ஷாகாலையும் விட்டுவைக்கவில்லை. 1914இல் அங்கே கண்காட்சிக்கு விட்டுவந்த சித்திரங்களைத் தேடி 1922இல் அவர் திரும்பியபோது, அவை விற்றுப்போயிருந்தன. விற்ற பணம் ஜெர்மானியப் பணவீக்கத்தில் வெறும் காகிதமாகியிருந்தது. ஆனால் ஷாகால் இழந்த சிலவற்றை மறுபடியும் வரைந்துகொண்டார். ஞாபகத்திலிருந்து வரைபவனுக்கு அது சாத்தியம். அவனுடைய ஊர் அவன் தலைக்குள் இருக்கிறது. எதிரே உட்கார்ந்த முகத்தை வரைபவருக்கு அது சாத்தியமில்லை; அந்த முகம் எழுந்து போய்விட்டது. இருவரில் யாருடைய இழப்பு பெரியது என்பது என் வாதமல்ல. எவருடைய முறை இழப்பைத் தாங்கும் தன்மையுடையது, எவருடைய முறை தாங்காது என்பதே கேள்வி. தாங்கியவனைத்தான் நாம் அறிகிறோம். அவனையே இலக்கணமாகவும் வைத்துக்கொள்கிறோம்.

பம்பாயில் அப்போது மத்திய ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்களின் ஒரு சிறு உலகம் இருந்தது. ஆஸ்திரிய ஓவியர் வால்டர் லாங்ஹாமர், அவருடைய யூத மனைவி கேத்தெ. பெர்லினிலிருந்து 1933இல் வந்து கலை விமர்சகராகவும் விளங்கிய ருடால்ஃப் வான் லேடன். வியன்னா யூதரும் ஓவியச் சேகரிப்பாளருமான இமானுவேல் ஷ்லெசிங்கர். 1939இல் வியன்னாவிலிருந்து வந்த யூத நடனக்காரி ஹில்டே ஹோல்கர். 1947இல் சூஸா, ரஸா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய அறுவர் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியபோது, அவர்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தும், படங்களை வாங்கியும், பத்திரிகையில் எழுதியும் துணை நின்றவர்கள் இந்த அகதிகளில் சிலர். இந்திய நவீன ஓவியத்தின் தொட்டிலை ஆட்டிய கைகளில் வீடிழந்த கைகளும் உண்டு என்பதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை.

மாக்தா இந்த வட்டத்தில் இருந்தார். எனினும் அதன் வேகத்தில் அவர் இல்லை. பம்பாய் ஓவியச் சங்கத்தின் கண்காட்சிகளில் பங்குபெற்றார். உருவச்சித்திரங்கள் தீட்டினார், புத்தகங்களுக்குப் படம் போட்டார், நடன நிகழ்ச்சிகளுக்கு உடை அமைப்பில் உதவினார். ஏழைப் பெண்கள், குழந்தைகள், உழைப்பாளிகள், நடனக்காரர்கள்: அவர் வரைந்தது இவர்களை. பீட்டர்ஸ்பர்க் இல்லை, பெர்லின் இல்லை, பனி இல்லை, ஓடும் கூட்டம் இல்லை. 1951 பிப்ரவரி 12ஆம் தேதி, பம்பாயில் தம் படங்களின் கண்காட்சி தொடங்கவிருந்த அன்றே அவர் இறந்துபோனார். மனைவியின் ஓவியங்களை விற்றுக் காலம் தள்ளும் நிலைக்கு வந்த ஆச்சாரியா, 1954இல் நோயிலும் வறுமையிலும் இறந்தார். கணவனும் மனைவியும் இரண்டு இரண்டு தேசங்களை இழந்தவர்கள். அவர்களிடம் கடைசியாக மிஞ்சியது இந்திய முகங்கள் தீட்டிய சில கான்வாஸ்கள். அவையும் வீடு வீடாகப் போய்விட்டன.

இழப்பைப் பொருளாகக் கொண்ட யூத ஓவியர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஃபெலிக்ஸ் நுஸ்பௌம் பிரஸ்ஸல்ஸில் ஒளிந்திருந்த காலத்தில், 1943இல், யூத அடையாள அட்டையைக் கையில் பிடித்திருக்கும் தன் முகத்தை வரைந்தார். மறு ஆண்டு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். சார்லொட் சாலமொன் தென் பிரான்சில் 1940க்கும் 1942க்கும் இடையில் தன் குடும்பத்தின் கதையை நூற்றுக்கணக்கான வர்ணத்தாள்களில் வரைந்து, அவற்றை ஒரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, 1943இல் இருபத்தாறாவது வயதில் அதே ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். தாள்கள் பிழைத்தன. இவர்களுக்குப் பொருள் வேறு, நிலைமை வேறு என்ற பிரிவினையே இல்லை. கதவைத் தட்டும் ஓசைதான் பொருள். மாக்தாவின் விஷயம் வேறு. அவர் தப்பிவிட்டவர். தப்பியவர் மறுநாள் காலையில் அடுப்பு மூட்ட வேண்டும். உருவச்சித்திரம் என்பது அவருக்குக் கலையாகவும் வாடகையாகவும் இருந்தது. அதன் இயல்பே எழுதப்பட்டவரின் வீட்டுக்குப் போவது. வீடற்றவர் தீட்டிய படம் வீடுள்ளவரின் சுவரில் மாட்டிக்கொள்கிறது. புலம்பெயர்வு அந்தப் படத்தின் உள்ளே இல்லை. படத்துக்கும் அதை வரைந்தவருக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்த விமர்சனம் அந்தத் தூரத்தையும் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சீமையில், திருவரங்குளத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது, இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைப் பொய்கை. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தச் சமணக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலம். அங்கே சுவர் போகவில்லை. நிறம் மங்கியும் உதிர்ந்தும் பொய்கை இன்னும் இருக்கிறது. அதைத் தம் மோட்சக் கதையின் ஒரு படியாகப் பார்த்து வணங்கிய ஜனங்கள்தான் இந்த மலைகளிலிருந்து மறைந்துவிட்டார்கள். நாம் அதில் அழகான தாமரையைப் பார்க்கிறோம்; பார்க்க வேண்டியவர்கள் இல்லை. சித்திரம் இருந்து மனிதர் போவது ஓர் இழப்பு. மனிதர் நடந்துகொண்டே இருக்கச் சித்திரம் வழியில் உதிர்வது இன்னொன்று. முதலாவதற்கு நாம் வேலி போட்டு நுழைவுச்சீட்டு கொடுக்கிறோம். இரண்டாவதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இதை ஏதோ ஐரோப்பிய விவகாரமாக எண்ணித் தள்ள நமக்கு வசதியில்லை. எங்கள் வட்டாரத்தில் தோப்புக்கொல்லையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, லேணாவிளக்கிலும் இருக்கிறது. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், அப்பிள்ளைகளின் பிள்ளைகள் இத்தகைய முகாம்களில் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை தூரிகையை எடுத்தால், நம் விமர்சனம் அவரிடம் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். பனையைக் கேட்கும், எரிந்த வீட்டைக் கேட்கும், முள்வேலியைக் கேட்கும். அவர் பார்த்தறியாத யாழ்ப்பாணத்தை, ஒரு வித்தெப்ஸ்க்காக, அவர் தலைக்குள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லும். அவர் ஆலங்குடிச் சாலையில் கடலை விற்கும் கிழவியின் முகத்தை வரைந்தால், ‘இதில் உன் வலி எங்கே?’ என்று கேட்கும். ஈழத்துக் கவிதையை இப்படித்தான் நாம் பல காலம் வாசித்தோம். துயரத்தை ஒரு கப்பமாக வசூலித்துக்கொண்டு, கட்டியவரை மட்டும் கவிஞர் என்றோம்.

அகதிக்கு உள்ள உரிமைகளில் ஒன்று, தன் இழப்பை வரையாமல் இருப்பது. எதிரே உள்ள முகம் தன்னுடையதைவிட முக்கியம் என்று அவர் தீர்மானிக்கலாம். வந்து சேர்ந்த மண்ணை ஒருவர் இவ்வளவு கூர்ந்து பார்ப்பது, பிடுங்கப்பட்டவர் வேர்விட முயலும் ஒரே வழியாகவும் இருக்கலாம். மாக்தா பம்பாயில் பதினைந்து ஆண்டுகள் செய்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் 2020இல் லீனா பெர்ன்ஸ்டைன் என்பவரால் எழுதப்பட்டு வந்தது. சிதறிய படங்களையும் கடிதங்களையும் தேசம் தேசமாகத் தேடிச் சேர்த்தவர் அவர். நம் பக்கத்தில் ஆச்சாரியாவின் பேச்சு வருகிறபோது, 'ரஷ்யப் பெண் ஒருவரை மணந்தார்' என்ற ஒரு வரியில் மாக்தா பெரும்பாலும் முடிந்துபோகிறார். 'இந்தியா' பத்திரிகையின் கதையைச் சொல்லச் சலிக்காத நாம், அந்தக் கதையின் ஒரு கிளை பாக்ஸ்டின் வகுப்பறை வரைக்கும் போகிறது என்பதைக் கவனிக்கவில்லை. மாக்தா வரைந்த இந்திய முகங்களில் சில, யாருடையவை என்று சொல்ல ஆளில்லாமல், இன்றும் எங்கோ சுவர்களில் இருக்கின்றன. அவற்றின் எதிரே போய் நிற்பதற்கு முன், அவற்றிடம் என்ன கேட்பது என்பதை நம் விமர்சனம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.