விங்கில் நிற்பவர் சும்மாவா நிற்கிறார்?

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கேள்வி. உங்களிடம் 18 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 2 பேர் மட்டும் பெரும்பாலான நேரம் வேலை நடக்கும் இடத்தை விட்டு ஐம்பது மீட்டர் தள்ளியே நிற்கிறார்கள். ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

உங்கள் பதில் என்னவென்று தெரியும் :) 1959-ல் மெல்பர்ன் நகரில் விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷனும் (சுருக்கமாக வி.எஃப்.ஏ.) அதையேதான் செய்தது. ஆட்டம் நெரிசலாக இருக்கிறது, ஆளைக் குறைத்தால் வேகமாகும் என்று ஒரு அணிக்கு 18 என்பதை 16 ஆக்கினார்கள். நீக்கப்பட்ட அந்த இரண்டு இடங்களுக்குப் பெயர் விங். முப்பது வருடங்களுக்கு மேல் அந்தப் போட்டியில் அதிகாரபூர்வமாக விங் ஆட்டக்காரர் என்று யாரும் கிடையாது.

இத்தனைக்குப் பிறகு 2019-ல் ஏ.எஃப்.எல். என்ற பெரிய லீக் ஒரு புது விதி கொண்டு வந்தது. ஆட்டம் நடுவிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் விங்கில் நின்றே ஆக வேண்டும்! ஒரு காலத்தில் 'தேவையில்லை' என்று தூக்கப்பட்ட இடத்தை இன்னொரு காலத்தில் விதி போட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது ஏன்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்து கொள்வோம்

இது நாம் பார்க்கும் ஃபுட்பால் இல்லை. ரக்பியும் இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். அங்கே செல்லமாக 'ஃபூட்டி' என்பார்கள். கிரிக்கெட் ஆடுபவர்கள் குளிர்காலத்தில் சும்மா இருந்து உடம்பு கெட்டுப் போகக் கூடாது என்று 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு வருடமே, 1859 மே மாதத்தில், மெல்பர்ன் ஃபுட்பால் கிளப் விதிகளை எழுதி வைத்தது.

கிரிக்கெட்காரர்கள் ஆரம்பித்ததால் மைதானமும் கிரிக்கெட் மைதானம்தான், அதாவது முட்டை வடிவம். பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம் (இதற்கு ஹேண்ட்பால் என்று பெயர்). எறியக் கூடாது. முக்கியமான விஷயம், ஆஃப்சைட் விதி கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கோலுக்கு 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி.

பழைய முறைப்படி 18 பேரில் 15 பேர் மூன்று மூன்று பேராக ஐந்து வரிசையில் நிற்பார்கள். மீதி மூன்று பேர் பந்து போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடுபவர்கள். அந்த ஐந்து வரிசையில் நடு வரிசையின் இரண்டு நுனிகள்தான் விங்.

நம்மில் பலர் டி.வி.யில் எம்.சி.ஜி. மைதானத்தைப் பார்த்திருப்போம். அங்கே கிரிக்கெட் பிட்ச் போடும் திசைக்குக் குறுக்காக ஃபூட்டி கோல் கம்பங்களை நடுகிறார்கள். ஆக டெஸ்ட் மேட்சில் சைட் ஸ்கிரீன் இருக்கும் இரண்டு பக்கங்களும் ஃபூட்டியில் விங் ஆகிவிடுகின்றன. ஒரு விங்கிலிருந்து மறு விங்குக்கு ஏறக்குறைய 140 மீட்டர். நம்ம ஊர் ஃபுட்பால் மைதானத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு! இவ்வளவு அகலம் இருப்பதால்தான் விங் என்ற இடத்துக்கே அர்த்தம் வருகிறது.

ஓரம் பாதுகாப்பா, ஆபத்தா?

ஆரம்ப காலத்தில் விங்கில் ஓட்டக்காரர்களைத்தான் போட்டார்கள். மெல்பர்னின் குளிர்கால மழையில் மைதானத்தின் நடுப்பகுதி சேறாகிவிடும். ஓரம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஆகவே ஓரமாகப் பந்தைக் கொண்டு போவது லாபம். அதோடு எதிராளி நெருக்கினால் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடலாம். நடுவர் உள்ளே எறிந்து மறுபடி ஆரம்பிப்பார். நஷ்டம் ஒன்றுமில்லை.

1925-ல் இந்தக் கணக்கு மாறியது. பந்தைக் கடைசியாக வெளியே அனுப்பிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக் என்று விதி வந்தது. இப்போது ஓரம் ஆபத்தான இடம். எல்லாரும் பந்தை நடுவழியாகக் கொண்டு போக ஆரம்பித்தார்கள். 1939-ல் பழைய முறை திரும்பும் வரை, விங்கில் இருப்பவர் கோட்டுக்குள்ளேயே பந்தை உயிரோடு வைத்திருக்க வேண்டிய கட்டாயம். வேகம் மட்டும் போதாது. சடாரென்று திரும்பவும் தெரிய வேண்டும்.

அந்த விதி இருந்த காலத்தில் விங்கில் ஆடியவர்தான் டக் நிக்கோல்ஸ்.

1906-ல் கம்மரகுஞ்சா என்ற இடத்தில் பிறந்த பழங்குடி இனத்தவர். உயரம் சுமார் 157 சென்டிமீட்டர்தான். பணப் பரிசு ஓட்டப் பந்தயங்களில் ஜெயித்தவர். கார்ல்டன் கிளப்பில் பயிற்சிக்குப் போனபோது அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள். அவர் நார்த்கோட் என்ற வி.எஃப்.ஏ. கிளப்புக்குப் போனார். அந்த அணி 1929-லும் 1932-லும் கோப்பை வென்றது. 1932-ல் ஃபிட்ஸ்ராய் கிளப் அவரை எடுத்துக் கொண்டது. அங்கேயும் முதலில் உடைமாற்றும் அறையில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். அணியின் பெரிய நட்சத்திரமான ஹேடன் பன்டன் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகே நிலைமை மாறியது. 1937 வரை 54 ஆட்டங்கள். 1935-ல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்.

மைதானத்தில் அவருடைய இடம் ஓரம். மைதானத்துக்கு வெளியேயும் அவரை ஓரத்தில்தான் வைத்தார்கள். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. பாஸ்டர் ஆனார், பழங்குடி மக்களின் உரிமைக்காக உழைத்தார், 1972-ல் சர் பட்டம் பெற்றார், 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரே ஆனார். இன்று ஏ.எஃப்.எல்.லில் பழங்குடி வீரர்களைக் கௌரவிக்கும் சுற்றுக்கு அவர் பெயர்தான்.

கூட்டமும் சதுரமும்

ஆஃப்சைட் இல்லாத ஆட்டத்தில் எப்போதும் ஒரு பிரச்சினை உண்டு. பந்து இருக்கும் இடத்துக்கு எல்லாரும் ஓடி வந்துவிடுவார்கள். (நாம் தெருவில் ஃபுட்பால் ஆடியதை நினைத்துப் பாருங்கள்.) இதைத் தடுக்க 1973-ல் மைதானத்தின் நடுவில் ஒரு வைர வடிவக் கட்டம் வரைந்தார்கள். 1975-ல் அது சதுரமானது. ஆட்டம் நடுவில் தொடங்கும்போது ஒரு அணிக்கு 4 பேர்தான் அதற்குள் இருக்கலாம். விங் ஆட்டக்காரர்கள் வெளியே நிற்க வேண்டும்.

இதனால் உள்ளே நான்கு பேர் மோதி எடுக்கும் பந்தை வெளியே வாங்கிக் கொண்டு ஓட, காலியான இடத்தில் ஒருவர் தயாராக இருந்தார். அந்தப் பத்து வருடங்களை விங் ஆட்டக்காரர்களின் பொற்காலம் என்றே சொல்லலாம். நார்த் மெல்பர்னின் கீத் கிரெய்க் 1973, 1974 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். 1996-ல் நூற்றாண்டின் அணியைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு விங்கில் அவர், மறு விங்கில் ரிச்மண்டின் ஃபிரான்சிஸ் பர்க்.

மெல்பர்ன் கிளப்பின் ராபர்ட் ஃபிளவர் இன்னொருவர். ஒல்லியான உடம்பு, 1973 முதல் 1987 வரை 272 ஆட்டங்கள். அத்தனை வருடத்தில் அவருடைய அணி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அவருடைய கடைசி வருடத்தில். பிரிலிமினரி ஃபைனலில் நேரம் முடிந்த சைரனுக்குப் பிறகு எதிரணி உதைத்த கோலில் தோற்றார்கள். கிராண்ட் ஃபைனல் ஆடாமலே ஓய்வு பெற்றார். பாவம்.

1992-ல் விங்கின் இன்னொரு பலம் தெரிந்தது. வெஸ்ட் கோஸ்ட் அணியின் பீட்டர் மட்டேரா கிராண்ட் ஃபைனலில் விங்கிலிருந்து ஓடி வந்து 5 கோல் அடித்தார். முன்வரிசையில் நிற்பவரை ஒருவர் ஒட்டிக் கொண்டே இருப்பார். விங்கிலிருந்து முழு வேகத்தில் வருபவரை யார் பிடிப்பது? விக்டோரியாவுக்கு வெளியே இருக்கும் ஒரு கிளப் கோப்பை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த வருடம் எஸ்ஸெண்டனின் மைக்கேல் லாங் அதேபோல் கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரர். இவர் 1995-ல் களத்தில் தன்னை இனத்தைச் சொல்லித் திட்டியதை வெளிப்படையாக எதிர்த்தார். அதன் பிறகுதான் லீக் இன இழிவுக்கு எதிரான விதியைக் கொண்டு வந்தது. மட்டேரா, லாங் இருவருமே பழங்குடி வம்சாவளியினர்.

மறுபடி காணாமல் போன விங்

2000-ல் எஸ்ஸெண்டன் அசைக்க முடியாத அணி. அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார்கள். தோற்கடித்தது வெஸ்டர்ன் புல்டாக்ஸ். அதன் கோச் டெர்ரி வாலஸ் தன் ஆட்களைக் கூட்டமாகப் பின்பகுதியில் இறக்கி வழியை அடைத்தார். இதற்கு 'ஃப்ளட்' என்று பெயர், வெள்ளம் போல. 2008-ல் ஹாதார்ன் கோச் அலஸ்டர் கிளார்க்சன் ஆளுக்கு ஆள் என்பதை விட்டு இடத்தைக் காக்கும் வலை போன்ற முறையை வைத்துக் கோப்பை வென்றார். 2010-ல் காலிங்வுட் அதைத் திருப்பிப் போட்டு மொத்த அணியையும் முன்னால் நகர்த்தி எதிரணியை மூச்சுத் திணற வைத்தது. பந்தை ஓரமாகவே கொண்டு போனது. பறிபோனாலும் எதிரணிக்கு ஒரு பக்கம் கோடு, மறு பக்கம் கூட்டம்!

இந்த முறைகள் எல்லாவற்றிலும் விங்கில் இருப்பவர் தன் இடத்தை விட்டுக் கூட்டத்தில் கலக்க வேண்டும். யாரும் அவரை நீக்கவில்லை. ஆனால் 140 மீட்டர் அகல மைதானத்தில் 36 பேரும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தால் விங் என்பது வெறும் பெயர்தான். ரசிகர்கள் சலித்துக் கொண்டார்கள். அதனால் வந்ததுதான் 2019-ன் 6-6-6 விதி. நடுவில் தொடங்கும்போது பின்னால் 6, முன்னால் 6, நடுவில் 6. அந்த நடு ஆறில் சதுரத்துக்குள் 4, விங்கில் 2.

கணக்கில் வராத வேலை

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். அந்த 2 பேர் தள்ளி நின்று என்னதான் செய்கிறார்கள்?

பந்து இடது ஓரத்தில் சிக்கியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வலது விங்கில் இருப்பவர் உள்ளே ஓடி வராமல் அகலமாகவே நிற்கிறார். அவரை விட்டுவிட முடியாமல் எதிரணியிலும் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஆள் குறைவு. அவர்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டால், பந்தை அந்தப் பக்கம் மாற்றிய மறுநொடி எதிரே வெட்டவெளி. இரண்டில் எது நடந்தாலும் லாபம். சொந்த அணி பந்தை இழந்துவிட்டால் அதே மனிதர் பின்கோடு வரை ஓடி வந்து தடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். நினைத்தபோதெல்லாம் வெளியே போய் ஓய்வெடுக்கவும் முடியாது. ஒரு அணி ஆள் மாற்றும் எண்ணிக்கைக்கு 2014-ல் 120 என்று வரம்பு வந்து, 2016-ல் 90, 2021-ல் 75 என்று சுருங்கியது.

புள்ளிவிவரத் தாளில் உதை, பிடி, ஹேண்ட்பால், டேக்கிள் எல்லாம் எண்ணப்படும். 'பந்து வராத இடத்தில் பொறுமையாக நின்றார்' என்று எழுத அதில் பத்தி கிடையாது. வருடாவருடம் அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில்கூட விங் இடத்தில் நடுக்கள நட்சத்திரங்களைப் போட்டுவிடுகிறார்கள் என்ற புகார் பல காலமாக உண்டு. 2022 கிராண்ட் ஃபைனலில் ஜீலாங்கின் விங் ஆட்டக்காரர் ஐசக் ஸ்மித் சிறந்த வீரர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 33. அந்த விருதை வாங்கியவர்களில் அவர்தான் மூத்தவர். ஓடி ஓடி இடம் பிடிக்கும் அறிவு வர அத்தனை வருடம் ஆகும் போலிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் வி.எஃப்.ஏ. செய்தது முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 16 பேர் ஆட்டத்தில் மைதானம் திறந்துதான் கிடந்தது. ஆனால் விங் என்ற ஆளை நீக்கினார்களே தவிர, விங் என்ற இடம் அங்கேயேதான் இருந்தது. அந்த இடத்தில் ஓடும் வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது.

2017-ல் பெண்களுக்கான ஏ.எஃப்.எல்.டபிள்யூ. தொடங்கியபோது அங்கேயும் 16 பேர்தான். பிறகு அங்கேயும் தொடக்க நிலையை விதியாக்கியபோது அது 5-6-5 ஆக அமைந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறைவு. நடு ஆறு, விங் உட்பட, அப்படியே இருக்கிறது. அதே 16 பேர்தான், ஆனால் இந்த முறை விங்கில் கை வைக்கவில்லை.

நாளைக்கு நாம் யாராவது மேனேஜராகி ஆட்குறைப்புப் பட்டியலைக் கையில் வாங்கினால், தள்ளி நிற்பவர் பெயரைச் சிவப்பில் அடிப்பதற்கு முன், அவர் அங்கே நிற்பதால் வேறு யாருக்கு வேலை சுலபமாகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.