இரண்டு இயேசுக்கள், ஒரு யாக்கோபு

இயேசு என்றொருவர் வாழ்ந்தாரா? இந்த வழக்கில் இரு தரப்பும் சாட்சிக் கூண்டில் ஏற்றும் ஆள் ஒருவரே: ஜோசிபஸ். கி.பி. 37-இல் எருசலேமில் பிறந்த யூதர். ரோமானியரை எதிர்த்துப் போரிட்டுச் சரணடைந்து, பிறகு ரோமிலேயே குடியேறியவர். கி.பி. 93 வாக்கில் யூதர்களின் தொன்மை வரலாற்றை 20 பாகங்களில் எழுதி முடித்தார்.

18-ஆம் பாகத்தில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அவரே மெசியா, மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கிறிஸ்தவராக மாறாத யூதர் இப்படி எழுதுவாரா? ஜோசிபஸ் இயேசுவை மெசியாவாக ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எடுத்துக்காட்டும் பத்தியில் 'அவரே மெசியா' என்ற அறிக்கை இருக்கிறது! முழுப் பத்தியுமே இடைச்செருகலா, அல்லது அசல் வரிகள் சிலவற்றை யாரோ ஊதிப் பெருக்கினார்களா என்பதில்தான் இன்றைய சர்ச்சை. பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டாவது பக்கம்.

உண்மையில் கனமான சாட்சியம் 20-ஆம் பாகத்தில் இருக்கிறது. கி.பி. 62. யூதேயாவின் ரோமானிய ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார். அடுத்தவர் அல்பினுஸ் இன்னும் வந்துசேரவில்லை. இதுதான் சமயமென்று தலைமைக் குரு அனானுஸ் சபையைக் கூட்டி, சிலரைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கிறார். அவர்களில் ஒருவர் யாக்கோபு. எந்த யாக்கோபு? கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் என்று போகிற போக்கில் அடையாளம் சொல்லிவிட்டு, அனானுஸின் பதவி பறிபோன கதைக்குப் போய்விடுகிறார் ஜோசிபஸ். புகழ்ச்சி இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை. இயேசுவின் பெருமை பாட நுழைந்த கை இவ்வளவு சிக்கனமாக எழுதியிருக்காது என்பதால், இதை அசல் என்றே பலரும் ஏற்கிறார்கள்.

மறுப்பும் உண்டு. அனானுஸுக்குப் பதிலாகத் தலைமைக் குருவானவர் பெயரும் இயேசுதான், தம்னேயுவின் மகன். யாக்கோபு அவருடைய சகோதரர், 'கிறிஸ்து' என்ற சொல் ஓரக் குறிப்பிலிருந்து பிரதிக்குள் நுழைந்தது என்கிறார், இயேசு வரலாற்று மனிதரல்ல என்று வாதிடும் ஆய்வாளர் ரிச்சர்ட் கேரியர். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் ஜோசிபஸுக்குச் சுமார் 40 ஆண்டுகள் முன்பே, ஆண்டவரின் சகோதரரான யாக்கோபை எருசலேமில் நேரில் கண்டதாகக் கலாத்தியருக்குக் கடிதம் எழுதிவிட்டார் பவுல். தொடர்பில்லாத இரண்டு பேனாக்கள் ஒரே உறவைச் சொல்கின்றன. இயேசு செய்த அற்புதங்களை இது நிரூபிக்காது. அப்படியொரு மனிதர் இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் குறைவு.

ரோமானியர் தரப்பில் டாசிடஸ் என்ன எழுதினார்? அடுத்த வாரம்.