மார்கழிக் கடலில் மூழ்கிய துய்க் தக்கித்தேன்

மரக்காணத்து உப்பளங்களில் மார்கழியில் உப்பு விளைவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீர்கோத்துக் கிடக்கும். தை பிறந்த பின்னரே அவற்றைச் செப்பனிடத் தொடங்குவர். இக்கரை அறிந்த அந்தப் பருவக் கணக்கைப் போர் ஒன்று மீறிய கதையையே நாம் இங்குச் சொல்லப் புகுகிறோம்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர். துறை பழையதுதான். ஆயினும் பெரும் பாய்மரப் போர்க்கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் சென்னைக்கும் கடலூருக்கும் இடையே எங்குமில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பர். ஐப்பசி பிறந்தால் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ விலகிவிடுவர். 1749 ஏப்ரலில், பருவம் தப்பி வந்த ஒரு புயலில், கடலூரருகே ஆங்கிலேயரின் நாமூர் என்னும் கப்பல் ஐந்நூறுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியிருந்தது.

துய்க் தக்கித்தேன் பிறப்பால் பிரெஞ்சுக் கப்பல். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக லோரியானில் 1754இல் கட்டப்பட்டது. 1757 மே 30 அன்று ஈகிள், மெட்வே என்னும் இரு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அதனைச் சிறைப்பிடித்தன. (பிற்காலத்தில் உலகைச் சுற்றிய ஜேம்ஸ் குக் அன்று ஈகிளில் பணியாற்றியவர்களுள் ஒருவர்.) பெயரைக்கூட மாற்றாமல், 64 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பலாக ஆங்கிலேயர் அதனை ஆக்கிக்கொண்டனர். 1759இல் கார்னிஷின் அணியோடு அது சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டதோ அதே கம்பெனியின் தலைநகரைப் பட்டினி போடும் பணி அதற்கு வாய்த்தது.

1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். மரக்காணத்துக்கு வடக்கே இருந்த ஆலம்பரைக் கோட்டையும் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. புதுச்சேரியைத் தரையில் கூட்டும் கடலில் தளபதி ஸ்டீவன்ஸும் வளைத்தனர். மழைக்காலத்திலும் சில கப்பல்கள் அங்கேயே நிறுத்தப்பட்டன. திருகோணமலை சென்றிருந்த ஸ்டீவன்ஸ் டிசம்பர் இறுதியில் திரும்பிவிட்டார். நகரம் பட்டினியின் விளிம்பில் இருந்தது; இன்னும் சில நாள் பொறுத்தால் போதும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

டிசம்பர் 31 இரவு வடமேற்கிலிருந்து காற்று வலுத்தது. ஸ்டீவன்ஸ் தம் கப்பலான நார்ஃபோக்கின் நங்கூரக் கயிற்றை வெட்டிக் கடலுக்குள் ஓடினார். மற்றவர்களும் அவ்வாறே செய்யப் பீரங்கி வெடித்துக் குறிப்புக் காட்டியும், காற்றின் இரைச்சலில் அது கேட்கவில்லை. நள்ளிரவுக்குப் பின் திடீரென்று ஓர் அமைதி. இன்று நாம் புயலின் கண் என்று சொல்வது அதுவே. சில நிமிடங்களில் தென்கிழக்கிலிருந்து முன்னினும் கொடிய காற்று திரும்பி அடித்தது. காத்திருந்த கப்பல்கள் கடலுக்கும் கரைக்கும் இடையே அகப்பட்டன. (2011இல் தானே புயலும் டிசம்பர் 30 அன்றே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது.)

துய்க் தக்கித்தேன், சண்டர்லாந்து, டியூக் என்னும் சரக்குக்கப்பல் ஆகிய மூன்றும் மூழ்கின. நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் ஆகியவை புதுச்சேரிக்குத் தெற்கே கரை தட்டின. அவற்றில் பெரும்பாலோர் பிழைத்தனர். 1757இல் துய்க் தக்கித்தேனைச் சிறைப்பிடித்த அதே மெட்வேயும் அவ்விரவில் அங்கிருந்தது. பாய்மரங்களை இழந்தும் அது தப்பிவிட்டது.

மூழ்கிய மூன்று கப்பல்களிலும் ஏறத்தாழ 1100 ஐரோப்பியர் மாண்டனர் என்று எழுதுகிறார் ராபர்ட் ஓர்ம். மறுநாள் மரத்துண்டுகளைப் பற்றி மிதந்து மீண்டவர்கள் 14 பேர்: ஐரோப்பியர் 7, லஸ்கர்கள் 7. லஸ்கர்கள் எனப்பட்டோர் நம் நாட்டு மாலுமிகள். மாண்ட கப்பல் தலைவர்களான ஹியூவிட், கால்வில் ஆகியோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. லஸ்கர்களில் பிழைத்த எழுவரைக் கணக்கிட்ட வரலாறு, மாண்டவர்களைக் கணக்கிடவே இல்லை. நம்மை உறுத்துவது இதுதான்.

மறுநாள் லாலி, ஆங்கிலக் கப்பற்படை ஒழிந்தது, அரிசியேற்றிய படகுகளை உடனே அனுப்புக என்று பழவேற்காட்டிலிருந்த தம் ஆளுக்கு எழுதினார். கடிதம் ஆங்கிலேயரிடம் சிக்கியது. ஒரு வாரத்திற்குள் மிஞ்சிய கப்பல்களோடு ஸ்டீவன்ஸ் முற்றுகையைப் புதுப்பித்தார். அந்த ஜனவரியிலேயே நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தார். 16ஆம் நாள் பசித்துக் கிடந்த நகரின் வாயில்கள் ஆங்கிலேயருக்குத் திறந்துவிடப்பட்டன.