நேட்டாற் கப்பற் பட்டிகளும் குடிவழி வரலாறும்

குடிவழி வரலாறு காண்பார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் போன்றே அரசினர் ஏடுகளும் சான்றாவன. கல்லிற் பெயர் பொறிக்கப்பெறாத எளியோர் பலர்க்கு அவ்வேடுகளே எஞ்சிய சான்று என்பது எம் கருத்து. நேட்டாற் கப்பற் பட்டிகளைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னுங் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 முடியச் சென்னையிலும் கல்கத்தாவிலும் கப்பலேறிய ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர் நேட்டாலிற் சென்றிறங்கினர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பெற்றது. அதனையடுத்துப் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் என்பன குறிக்கப்பெற்றன.

இப்பட்டிகளை ஆள்வார் இரண்டு இடர்ப்பாடுகளை உளங்கொளல் வேண்டும். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரையப்பெற்றமையின் லகர ளகர ழகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மறைந்தன. ஆதலின் ஒரே வரிவடிவம் வெவ்வேறு ஊர்களைச் சுட்டக்கூடும். மாவட்ட எல்லைகளும் பின்னர் மாறின. வட ஆர்க்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. எனவே பெயரொப்புமை ஒன்றே பற்றி முடிபு கூறல் பொருந்தாது.

திருமணப் பதிவு முதலிய பிற ஏடுகளிலும் அவ்வெண் வருதலின், அதனையே முதற்கண் பற்றி, தந்தை பெயரும் அகவையும் ஒத்துவரக் கண்ட பின்னரே ஊரைத் துணிதல் முறை. மக்களைப் பெயரொழித்து எண்ணால் வழங்கிய ஏடுகளினின்றே அவர்தம் பெயரையும் ஊரையும் வழித்தோன்றல்கள் இன்று மீட்கின்றனர். அவர்க்குத் தவறான ஊரைக் காட்டாமை ஆராய்வார் கடன்.