நேதாஜியின் இரு படைகள், ஒரு தூரிகை

28 மில்லிமீட்டர் சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் இரண்டாம் உலகப் போர் என்றதும் ஜெர்மானியரையோ அமெரிக்கரையோதான் கையில் எடுப்பார்கள். மட்டாஞ்சேரியில் தூரிகை பிடிக்கும் எனக்கு நேதாஜியின் ஆட்கள்தான் வேண்டும். அவர்களோ இரண்டு படை: ஜெர்மனியில் திரண்ட சுதந்திர இந்தியப் படையணி ஒன்று, கிழக்காசியாவின் இந்திய தேசிய ராணுவம் மற்றொன்று. இரண்டுமே இரவல் உடுப்பில் நின்றவை. முன்னது நண்பனின் உடுப்பு. பின்னது எதிரியின் உடுப்பு.

ஜெர்மன் படையணி சுலபம். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளே பெரும்பாலோர்; சுமார் 3,000 பேர். கடையில் கிடைக்கும் ஜெர்மன் பொம்மைக்குத் தலைப்பாகைத் தலை ஒட்டி, சாம்பல்பச்சை பூசினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி வலக்கைச் சின்னம்: மூவர்ணத்தின் மேல் பாயும் புலி. இந்த அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டர் வந்தால் அதிகம். புலிக்கு ஒரு பழுப்புப் புள்ளி, குறுக்கே இரண்டு கறுப்புக் கீற்று, அவ்வளவுதான். பளிச்சென்று நிற்கும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது ஜெர்மன் சிப்பாய்தான். ஹிட்லர் பெயர் சொல்லி உறுதிமொழி எடுத்த படை அது. அந்த உறுத்தல் எனக்குப் போவதில்லை.

இந்திய தேசிய ராணுவம் அப்படியில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது சிக்கிய பிரிட்டிஷ் காக்கியும் லீ என்ஃபீல்டு துப்பாக்கியுமே இவர்களுக்கும். புதுக் காக்கியாகத் தீட்டினால் எதிரணிச் சிப்பாய்க்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாது. வெளுப்பில்தான் காட்ட வேண்டும். 1944-இல் இம்பால் போய், மழையிலும் பட்டினியிலும் திரும்பிய துணி அது.

அதற்குப் பாடம் இங்கேயே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள தோபிகானாவில் துவைப்பவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைச் சீருடை வெளுக்க வந்தவர்களின் வழி என்பார்கள். வெளுத்த காக்கியைப் பார்க்க அங்கேகூடப் போக வேண்டாம், ஓட்டுநர்களின் பழைய சட்டைகள் நிற்கும் ஆட்டோ ஸ்டாண்டே போதும்: தோளும் முதுகும் முதலில் வெளுக்கும், பையின் தையலோரம் கடைசிவரை கருத்தே இருக்கும். அதனால் தோளில் காக்கியோடு வெள்ளை கலந்து உலர்தூரிகையால் தேய்க்கிறேன். தையலில் பழுப்பை நீர்க்க ஓடவிடுகிறேன். முழங்காலில் வேறு நிற ஒட்டு ஒன்று.

தோலுக்கு, டப்பாவில் வரும் ‘சதை நிறம்’ இரு படைக்கும் உதவாது. பழுப்போடு காவி சேர்க்க வேண்டும்.

இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக 1943-இல் கேப்டன் லட்சுமி தலைமையில் உருவான ஜான்சி ராணிப் படைக்கு மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் வந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற பொம்மை கடையில் எனக்கு அகப்படவில்லை. எபாக்சி புட்டியில் பின்னல் உருட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.